இடி மழையில் உங்கள் பிள்ளைக்கு என்ன ஆகும்? அனுபவம் சொல்லுங்க

சோமனூர் அம்மா

பையனுக்கு ஒன்பது வயது, ஆட்டிசம், பேச்சு குறைவு. போன வாரக் கோடை மழையில் நடந்தது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. வீடு தறிக் குடோனை ஒட்டி இருக்கிறது. பவர்லூம் சத்தத்தில்தான் இவன் தூங்கியே பழக்கம். அன்றைக்குப் பெரிய இடி இடித்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம் கரண்ட் போனது, அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நின்றது. அப்போதுதான் கத்த ஆரம்பித்தான். ஓடிப்போய்க் குடோன் பக்கத்துச் சுவரில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து, காதை ஒட்டிக்கொண்டு நின்றான். அந்த அதிர்வைத் தேடுகிறான். இல்லை என்றதும் கையை எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்க்கிறான். சொந்தக்காரர்கள் எல்லாம் "இடிக்குப் பயந்துட்டானுங்க, மந்திரிச்சுத் திருநீறு போடுங்க" என்கிறார்கள். இடிக்கு இல்லைங்க, தறி நின்றதற்கு!

பொள்ளாச்சி, தென்னந்தோப்பு

எங்கள் பாப்பா நேர் எதிர். வானம் கருக்கும் முன்னாலேயே மூக்கை உறிஞ்சிக்கொண்டு தோப்புக்குள் ஓடிவிடுவாள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். போன வருஷம் அந்தக் காற்றில் கையை விரித்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு காய்ந்த மட்டை கைக்கெட்டும் தூரத்தில் வந்து விழுந்தது. அவளுக்கு அது விழுந்ததே தெரியவில்லை. அவள் அப்பாரு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார். பயந்தால் அணைத்துக்கொள்ளலாம். பயமே இல்லாத பிள்ளையை என்ன செய்வது?

ஈரோடு அப்பா

சோமனூர் அம்மா, தறி நின்றதுதான் காரணம் என்று ஒரே நாளை வைத்து முடிவு கட்டாதீங்க. கரண்ட் போனால் ஃபேன் நிற்கும், லைட் போகும், காற்றின் ஈரம்கூட மாறும். எல்லாமே ஒன்றாகத் தாக்கும்.

என் மகனுக்கு நடந்தது பவானி பக்கம், தகரக் கூரை டீக்கடையில். ஆலங்கட்டி விழுந்த சத்தத்தில் பெஞ்சுக்கு அடியில் போனவன், மழை விட்ட பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். சத்தத்தை ரத்து செய்யும் விலை அதிகமான ஹெட்போன் வாங்காதீங்க. ஃபேன், எஞ்சின் மாதிரி ஒரே சீராக வரும் இரைச்சலுக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும், திடீர் இடிக்கு அவ்வளவாக உதவாது. தொழிற்சாலையில் போடுகிற காது மூடி போதும். உடம்பை அழுத்திப் பிடிப்பது சில பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆட்டிசம் உள்ள அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் தனக்காகவே உடம்பை அழுத்தும் கருவி ஒன்று செய்துகொண்டார். ஆனால் தொட்டாலே பிடிக்காத பிள்ளையிடம் இதை முயலக் கூடாது. மேகம், மின்னல், இடி, கரண்ட் போவது, திரும்ப வருவது என்று வரிசையாகப் படம் வரைந்து வெயில் நாளிலேயே காட்டிப் பழக்குங்க. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணச் சொல்லுங்க. 3 நொடி என்றால் ஏறத்தாழ 1 கிலோமீட்டர். அது கூடிக்கொண்டே போனால் இடி விலகிப் போகிறது என்று பிள்ளைக்கே புரியும்.

பொள்ளாச்சிக்காரங்க தாமினி செயலியைப் போட்டுக்கொள்ளுங்க. புனேயில் இருக்கிற வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் கொண்டுவந்தது. பக்கத்தில் மின்னல் விழுந்தால் சொல்லும். கடைசி இடிக்குப் பிறகும் 30 நிமிஷம் தோப்புக்குள் விடாதீங்க.

கோபி, வாய்க்கால் பக்கம்

ஈரோடு அண்ணா, எண்ணுவது எல்லாருக்கும் ஆகாதுங்க. என் தம்பி எண்ணுவான். சில மின்னலுக்கு இடியே கேட்காது. அப்போது எண்ணிக்கொண்டே போவான், நிறுத்தத் தெரியாது, தொண்டை கட்டிவிடும்.

இன்னொன்று, எல்லாரும் மழை பெய்கிற நேரத்தையே பேசுகிறோம். எங்களுக்குக் கஷ்டம் மறுநாள்தான். தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்தில் எங்கள் வாழை. தம்பி காலையில் ஒவ்வொரு மரத்தையும் தொட்டுக்கொண்டே நடப்பான். சூறைக்காற்று அடித்த ராத்திரி நன்றாகத் தூங்கினான். விடிந்து பார்த்தால் வரிசை வரிசையாக வாழை சாய்ந்து கிடக்கிறது. அப்பா நஷ்டத்தை நினைத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இவன் தாரோடு கிடந்த மரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்குகிறான். நிறுத்துகிறான், அது சாய்கிறது, மறுபடியும் தூக்குகிறான். சட்டை முழுக்க வாழைக்கறை. யார் கூப்பிட்டும் வரவில்லை. இதற்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று சொல்லுங்க.

சோமனூர் அம்மா

ஈரோடு அண்ணா, ஒரே நாளை வைத்துச் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்குத் தறி நிறுத்தும்போது மழையே இல்லாமலும் இப்படித்தான் சுவரைப் போய்த் தொடுவான். படம் வரையச் சொன்னது நல்ல யோசனை, செய்கிறேன். தறி ஓடுகிற சத்தத்தைப் போனில் பிடித்து வைத்திருக்கிறேன். ஆனால் அவன் தேடுவது கையில் தெரிகிற அதிர்வை. அதைக் கரண்ட் இல்லாத நேரத்தில் எதில் கொண்டுவருவது? யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்க. கோபிக்காரங்க, உங்கள் தம்பி இப்போது வயலுக்குப் போகிறாரா?