தனியாகக் கடலுக்குப் போகும் அப்பாவுக்கு என்ன வாங்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் தொண்டிப் பக்கம். அப்பாவுக்கு 58 வயது, சின்ன பைபர் வள்ளத்தில் தனியாக நண்டு வலைக்குப் போகிறார். போன வாரம் வலை இழுக்கும்போது காலில் கயிறு சுற்றித் தண்ணீரில் விழுந்துவிட்டார். நல்லவேளை, என்ஜின் ஓடவில்லை. ஆனால் ஈர உடம்போடு விளிம்பைப் பிடித்து ஏற முடியாமல், கடைசியில் வள்ளத்தின் பின்பக்கம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு என்ஜினின் காலை (தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் பகுதி) மிதித்துத்தான் ஏறியிருக்கிறார். இதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்!

லைஃப் ஜாக்கெட் வீட்டில் இருக்கிறது. வலை அதில் மாட்டுகிறது, வேர்க்கிறது என்று போடுவதே இல்லை. இடுப்பில் கட்டும் ஊதும் வகையை யாராவது பயன்படுத்துகிறீர்களா? ஈரம் பட்டாலே ஊதுவது வேண்டாம், வலை இழுத்தாலே நனையும். கையால் இழுத்து ஊதுவது போதும். அதை ஊதவைக்கும் சின்ன கேஸ் சிலிண்டருக்கு மாற்று இங்கே கிடைக்குமா?

அப்புறம், ஆள் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் சுருள் கயிற்றைப் பழைய என்ஜினில் பொருத்த முடியுமா? ஏறுவதற்குக் கயிற்று ஏணியை எங்கே கட்டினால் வலையில் சிக்காது?

1554 கடலோரக் காவல்படை எண்ணை அவர் போனில் பதிந்துவிட்டேன். போன் நனையாமல் கழுத்தில் மாட்ட நல்ல உறை இருந்தாலும் சொல்லுங்கள். “தனியாகப் போக வேண்டாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை அம்மா தினமும் சொல்கிறார்.