பில்ட்மோர் யார் சொத்து? வாண்டர்பில்ட் குடும்பம் பற்றி ஒரு சண்டை

பொருநை: எந்தப் பணக்காரக் குடும்பமும் மூன்று தலைமுறை தாண்டாது என்று நேற்று கதிரவன் எழுதி, சாட்சிக்கு கப்பல், ரயில் தொழிலில் பணம் குவித்த அமெரிக்காவின் வாண்டர்பில்ட் குடும்பத்தை இழுத்திருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. வட கரோலினாவில் 250 அறைகளோடு நிற்கும் பில்ட்மோர் மாளிகை இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

கதிரவன்: வைத்திருப்பது செசில் குடும்பம். வாண்டர்பில்ட் இல்லை. 1877இல் அந்தச் சொத்தைச் சேர்த்த கார்னீலியஸ் வாண்டர்பில்ட் ஏறக்குறைய 10 கோடி டாலரை விட்டுச் செத்தார், மகன் வில்லியம் எட்டே வருடத்தில் அதை இரண்டு மடங்காக்கினார். பேரன்கள் ஆளுக்கொரு மாளிகை கட்டித் தீர்த்தார்கள். நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ தெருவில் அவர்கள் கட்டியதில் பெரும்பாலானவை இடிந்தே போயின.

பொருநை: அந்தப் பேரன்களில் ஒருவர், பில்ட்மோரைக் கட்டிய ஜார்ஜ். அவருக்கு ஒரே மகள், கார்னீலியா. 1924இல் கார்னீலியா ஜான் செசிலைக் கட்டிக்கொண்டார். மகள் பெற்ற பிள்ளை வாரிசு இல்லையா? பதில் சொல்லுங்கள்.

மணிமாறன்: லண்டனைப் பாருங்கள். 1677இல் 12 வயது மேரி டேவிஸைத் தாமஸ் குரோவ்னர் மணந்ததால் வந்த நிலம்தான் மேஃபேர், பெல்கிரேவியா என்ற பணக்காரப் பகுதிகள். பெண் வழியாக வந்ததுதான். இன்னும் குரோவ்னர் குடும்பத்தை விட்டு அசையவில்லை, எல்லாம் அறக்கட்டளைக் கணக்கில் பத்திரமாக இருக்கிறது.

கதிரவன்: மணிமாறன், மூத்த மகனுக்கே முழுதும் எழுதும் பிரபு வீட்டுக் கதையை இங்கே கொண்டுவராதீர்கள். போன மாதமும் இப்படித்தான் குறுக்கே வந்து குழப்பினீர்கள். பில்ட்மோரை வைத்திருப்பது செசில்.

மணிமாறன்: போன மாதம் பதில் சொல்ல முடியாமல் ஓடியது யார்?

பொருநை: நடுவில் நீங்கள் இருவரும் வேண்டாம். மகள் வாரிசா இல்லையா?

கதிரவன்: 1930இல் டிக்கெட் போட்டு ஊரைக் கூப்பிட்டு வீட்டைக் காட்டியவர்களைப் பணக்காரர்கள் என்கிறீர்கள். ஜார்ஜ் வாங்கிச் சேர்த்த காட்டில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குப் போய் பிஸ்கா தேசிய வனம் ஆகிவிட்டது.

பொருநை: டிக்கெட் போட்டதால்தான் மாளிகை நின்றது, அதற்குப் பெயர்தான் சொத்தைக் காப்பாற்றுவது. அந்தத் தாத்தா கார்னீலியஸும் உங்களை மாதிரியேதான், வில்லியத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு மகள்களுக்குக் கிள்ளிக் கொடுத்தார், அவர்களில் சிலர் உயிலை எதிர்த்துக் கோர்ட்டுக்கே போனார்கள். மகளைக் கணக்கில் சேர்க்காமல் தலைமுறை எண்ணினால் எந்தக் குடும்பமும் அழிந்ததாகத்தான் தெரியும்.

கதிரவன்: என்னைப் பற்றிப் பேசத் தேவையில்லை. செசில் வேறு குடும்பம், அவ்வளவுதான்.

பொருநை: மூன்றாவது தடவை கேட்கிறேன், கார்னீலியா யார் மகள்?