உயிருக்கு ஈடாக மாடு கொடுத்தால் பகை தீருமா? குலச் சண்டைகளும் மரபுவழி நடுவர்களும்

கேள்வி

வணக்கம். இனக்குழுக்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பழிவாங்கல் சண்டைகளை மூத்தோரும் பூசகர்களும் பேசித் தீர்த்துவைக்கும் வழக்கங்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். தெற்கு சூடானின் நுவேர் மக்களிடையே ஓர் உயிருக்கு நாற்பது, ஐம்பது மாடுகள் ஈடாகக் கொடுக்கப்பட்டன என்றும், கென்யாவின் வடகிழக்கில் 2001இல் கூடிய மூத்தோர், கொல்லப்பட்ட ஆணுக்கு 100 ஒட்டகம் அல்லது மாடு, பெண்ணுக்கு 50 என்று மோடோகாஷே உடன்பாட்டில் எழுதிவைத்தார்கள் என்றும் அறிந்தேன். அதற்கு மேல் படிக்க மனம் ஒப்பவில்லை. மகனைப் பறிகொடுத்த தாய் வாசலில் வந்து நிற்கும் மாடுகளைப் பார்த்து எப்படி ஆறுதல் அடைவாள்? இது உயிரை விலைபேசுவது ஆகாதா? இவ்வாறு செய்துகொண்ட சமாதானம் நிலைத்த இடங்கள் உண்டா, உண்டென்றால் அதை நிலைக்க வைத்தது எது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நுவேர் மக்களின் வழக்கத்தையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1930களில் அங்கே தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர்கள் விரிவாகப் பதிவு செய்திருப்பதால், இதைப் பற்றி ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது.

கொலை செய்தவன் நேரே சிறுத்தைத் தோல் அணியும் பூசகரின் வீட்டுக்கு ஓடிவிடுவான். இறந்தவனின் குருதி அவன் உடலுக்குள் புகுந்துவிட்டது என்பது நம்பிக்கை. பூசகர் அவன் கையில் கீறி அந்தக் குருதியை வெளியேற்றும் வரை அவன் உண்ணவோ பருகவோ கூடாது. அந்த வீட்டில் இருக்கும் வரை அவனை யாரும் தொட மாட்டார்கள், ஏனெனில் அங்கே குருதி சிந்தக் கூடாது. துக்கம் சற்று ஆறியபின் பூசகர் கொலையாளியின் உறவினரிடம் எத்தனை மாடுகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, இறந்தவனின் வீட்டாரிடம் செல்வார். அவர்கள் மறுப்பார்கள். மறுத்தே ஆக வேண்டும், உடனே ஒப்புக்கொள்வது இறந்தவனுக்குச் செய்யும் அவமரியாதை. பூசகர் மீண்டும் மீண்டும் வேண்டுவார், சாபமிடுவேன் என்றும் அச்சுறுத்துவார். கடைசியில், மாடுகளுக்காக இல்லை, உங்கள் சொல்லுக்காகவே இசைகிறோம் என்று அவர்கள் இறங்கி வருவார்கள். அந்தப் பூசகருக்கு ஆளும் இல்லை, ஆயுதமும் இல்லை, தீர்ப்பைச் செயல்படுத்தும் அதிகாரமும் இல்லை. இரு தரப்பும் தம் மானத்தை இழக்காமல் பின்வாங்க ஒரு வழியைத் திறந்துவிடுவதே அவருடைய பணி. இந்த நுட்பத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மிஞ்சுகிறது.

மாடுகள் எதற்கு என்று கேட்டீர்கள். அந்த மாடுகளைப் பெண் வீட்டாருக்குக் கொடுத்து, இறந்தவன் பெயரில் ஒரு பெண்ணை மணம் செய்துவைப்பார்கள். உறவினன் ஒருவன் அவளோடு வாழ்ந்து பெறும் பிள்ளைகள் இறந்தவனின் பிள்ளைகளாகவே அழைக்கப்படுவார்கள், அவன் பெயரையே சுமப்பார்கள். அந்தத் தாய்க்கு மகன் திரும்பி வரப்போவதில்லை, ஆனால் மகனின் பெயர் சொல்ல ஒரு பேரப்பிள்ளை வருகிறது. இதை விலை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இந்த வழக்கம் பெரிய அளவில் கைகொடுத்ததற்குச் சான்று தெற்கு சூடானின் வுன்லிட் என்ற ஊரில் நடந்த அமைதி மாநாடு. 1991இல் அந்நாட்டின் விடுதலை இயக்கம் பிளவுபட்ட பிறகு, நைல் ஆற்றின் மேற்குக் கரையில் வாழ்ந்த நுவேர்களும் அவர்களின் அண்டை இனத்தவரான டிங்காக்களும் மாறி மாறிக் கால்நடைகளைக் கவர்ந்தனர், பெண்களையும் குழந்தைகளையும் கடத்திச் சென்றனர். தேவாலயங்களின் கூட்டமைப்பு ஒன்று முன்முயற்சி எடுக்க, 1998இல் சில தலைவர்கள் முதலில் கென்யாவின் லோகிச்சோகியோவில் சந்தித்தார்கள். பின்னர் நுவேர் தலைவர்கள் டிங்கா ஊர்களுக்கும், டிங்கா தலைவர்கள் நுவேர் ஊர்களுக்கும் உயிரைப் பணயம் வைத்துச் சென்று திரும்பினார்கள். அந்தப் பயணங்கள் முடிந்த பிறகே 1999 பிப்ரவரி இறுதியில் வுன்லிட்டில், மாநாட்டுக்கென்றே கட்டிய குடிசைகளில், அனைவரும் கூடினார்கள். ஒரு வெள்ளைக் காளையைப் பலியிட்டு, இந்த உறுதியை மீறுபவனுக்கும் இதே முடிவு நேரட்டும் என்று சூளுரைத்தார்கள். அதன் பின் ஒரு தரப்பு தன் இழப்புகளையெல்லாம் சொல்லி முடிக்கும் வரை மறு தரப்பு கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், பிறகே பதில் சொல்லலாம் என்ற முறையில் நாள் கணக்கில் பேச்சு நடந்தது. கடத்தப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பவும் மேய்ச்சல் நிலங்களையும் நீர்நிலைகளையும் பகிர்ந்துகொள்ளவும் மார்ச் மாதத்தில் உடன்பாடு கையெழுத்தானது.

மறுமொழி 2

மேலே எழுதியவர் பூசகர்களையும் தலைவர்களையும் பற்றிச் சொன்னார். பெண்கள் தொடங்கிவைத்த ஒரு சமாதானத்தை நான் சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் பேச்சு வழக்கமாக ஆண்களோடு முடிந்துவிடுகிறது.

கென்யாவின் வாஜிரில் 1990களின் தொடக்கத்தில் கடும் வறட்சியோடு சோமாலிக் குலங்களுக்கு இடையிலான சண்டையும் சேர்ந்துகொண்டது. அரசிடம் போகலாமே என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது, 1984இல் அதே வாஜிரின் வகாலாவில் பாதுகாப்புப் படையினர் டெகோடியா குலத்து ஆண்களைத் திரட்டிக் கொன்ற நினைவு அந்த மக்களிடம் இன்னும் ஆறாமல் இருந்தது. 1993இல் டேக்கா இப்ராஹிம் அப்டி உள்ளிட்ட சில பெண்கள் சந்தையிலிருந்து தொடங்கினார்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் அங்கே வாங்கவும் விற்கவும் தடை இருக்கக் கூடாது என்று தமக்குள் உறுதி செய்து, அதைக் கண்காணிக்கவும் ஆள் அமர்த்தினார்கள். சந்தை அமைதியானதும் மூத்தோரை அணுகினார்கள். பெரிய குலங்களில் எதைச் சேர்ந்தவர் தலைமை ஏற்றாலும் மற்றவர்கள் ஐயுறுவார்கள் என்பதால், மிகச் சிறிய குலத்தின் மூத்தவர் ஒருவர் பேச்சுக்குத் தலைமை வகித்தார். சிறியவருக்கு இந்தச் சண்டையில் வெல்ல எதுவும் இல்லை, சண்டை ஓயாவிட்டால் இழக்க எல்லாமே இருக்கிறது. 1993 செப்டம்பரில் மூத்தோர் அல் ஃபத்தா உடன்பாட்டில் ஒப்பமிட்டார்கள்.

மறுமொழி 3

இருவரும் எழுதியவற்றை மதிக்கிறேன், ஆனாலும் மரபு என்றாலே கனிவு என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் விழுந்துவிடக் கூடாது. கேள்வி கேட்டவரே குறிப்பிட்ட உடன்பாட்டில் பெண்ணுக்குப் பாதி ஈடு என்று எழுதியிருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. பாப்புவா நியூ கினியின் மலைநாட்டில் ஒரு சாவுக்கு ஈடாகப் பன்றிகளோடும் பணத்தோடும் ஓர் இளம்பெண்ணையும் கேட்டார்கள். 1997இல் அந்நாட்டின் தேசிய நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தடுத்தது. அந்தப் பெண்ணின் பார்வையில் அங்கே நீதி எந்தப் பக்கம் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இரு குலங்கள் கை குலுக்குவதற்கு மூன்றாவதாக ஒருத்தி தன் வாழ்வைக் கொடுக்க வேண்டுமென்றால், அதைச் சமாதானம் என்று ஏற்க என்னால் இயலாது.

துப்பாக்கி இன்னொரு சிக்கல். ஈட்டியால் குத்தியவன் யார் என்பது தெரியும், அவன் பூசகரிடம் ஓடுவான். தொலைவிலிருந்து சுடும் கூட்டத்தில் யாருடைய குண்டு யாரைக் கொன்றது? இது போதாதென்று, அரசியல் போரில் கொன்றால் தீட்டு இல்லை, ஈடும் இல்லை என்று தெற்கு சூடானின் தளபதிகள் தம் வீரர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். வுன்லிட்டில் கூடிய அதே இரு மக்களும் 2013 டிசம்பரில் தலைநகரில் மூண்ட அதிகாரப் போட்டியால் மீண்டும் எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பேரப்பிள்ளை பற்றிய பகுதியைப் பலமுறை படித்தேன். ஒன்றை மட்டும் மீண்டும் கேட்கிறேன். வாஜிரில் ஒப்பமிட்ட மறுநாளே ஓர் இளைஞன் மற்றொரு குலத்தவனைக் கொன்றுவிட்டால் என்ன செய்வார்கள்?

மறுமொழி 2 எழுதியவர்

இந்தக் கேள்விதான் அவர்களையும் வாட்டியது. அதனால் மூத்தோர், மதத் தலைவர்கள், பெண்கள், பாதுகாப்பு அதிகாரிகள் எல்லாரும் அடங்கிய ஒரு விரைவுக் குழுவை ஏற்படுத்தினார்கள். எங்காவது கொலையோ கால்நடைத் திருட்டோ நடந்தால், பழிவாங்கக் கிளம்புவதற்கு முன்பே அந்தக் குழு இடத்துக்குச் சென்று இரு தரப்பையும் சந்திக்கும். 1995இல் இந்த ஏற்பாடுகள் மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்த அமைதிக் குழுவாக உருப்பெற்றன.

ஈட்டின் பயனும் இங்கேதான் தெரிகிறது. நூறு ஒட்டகத்தை ஒருவன் தனியே கொடுக்க முடியாது. சித்தப்பன், பெரியப்பன், மைத்துனன் என்று குலத்தில் உள்ள எல்லாரும் பங்கு போட்டுத்தான் கொடுக்க வேண்டும். எனவே முன்கோபியான ஓர் இளைஞன் துப்பாக்கியை எடுக்கும்போது, அவனைத் தடுக்க முதலில் ஓடி வருபவர்கள் அவனுடைய உறவினரே. பாதி ஈடு பற்றி மூன்றாமவர் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூத்தோர் அவையில் இடமே இல்லாதிருந்த அந்தப் பெண்கள் சந்தை வழியாக உள்ளே வந்து, அமைதிக் குழுவில் உட்கார்ந்தார்கள். பாதி என்பதை மாற்றும் பேச்சை யாராவது எடுப்பதாக இருந்தால், அது அந்த இருக்கைகளிலிருந்துதான் எழும் என்று நம்புகிறேன்.