கீமோவும் காலில் ரத்தக்கட்டியும்: குமரி மாவட்டத்தில் எதை ஆய்வு செய்யலாம்?

தக்கலை, எம்.டி. மாணவி:
கீமோ தொடங்குமுன் ரத்தக்கட்டி ஆபத்தைக் கணிக்கும் கோரானா (Khorana) ஸ்கோர் (2008) நம்ம நோயாளிகளுக்குப் பொருந்துமா என்று ஆய்வேடு எழுத நினைக்கிறேன். ஓராண்டு, ஒரே ஆஸ்பத்திரி. போதுமா?

நாகர்கோவில், புற்றுநோய் மருத்துவர்:
கேள்வி நல்லது, ஆனால் இன்னும் கூர்மையாக்குங்க. அந்த ஸ்கோரில் வயிறு, கணையத்துக்கு 2 புள்ளி. நுரையீரல், லிம்போமா (நிணநீர்ப் புற்று), கருப்பை, சினைப்பை, சிறுநீர்ப்பை, விந்தகத்துக்கு 1. பிளேட்லெட் 3.5 லட்சமோ மேலோ, வெள்ளணு 11,000-க்கு மேல், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழ், பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 35-ஓ மேலோ இருந்தால் தலா 1. கடைசி இரண்டிலும்தான் இடிக்கிறது. இந்தியர்களுக்கு 25-லேயே உடல்பருமன் என்கிறோம். 35-ஐத் தொடுபவர் நம்ம ஓ.பி.யில் அபூர்வம். ஹீமோகுளோபினோ, இரும்புச்சத்துக் குறைவால் புற்றுக்கு முன்பே பல பெண்களுக்கு 10-க்குக் கீழே கிடக்கிறது. வேறு காரணத்துக்கு இங்கே புள்ளி விழுகிறது. இதை அளந்து காட்டினாலே பெரிய வேலை. வாய்ப்புற்றுக்கு இடம் சார்ந்த புள்ளியே கிடையாது, அதையும் தனியாகப் பிரிங்க.

ரத்தப் பரிசோதனை முதல் கீமோவுக்கு முன் எடுத்ததாக இருக்கணும். வெள்ளணுவைக் கூட்டப் போடும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசிக்குப் பிறகு வெள்ளணு ஏறிவிடும், ஸ்கோர் பொய்யாகும்.

மார்த்தாண்டம், ஆன்காலஜி நர்ஸ்:
ஒரே ஆஸ்பத்திரி போதாதும்மா. கீமோவுக்குத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) போகிறவங்க, கால் வீங்கினா பக்கத்து ஆஸ்பத்திரியிலதான் காட்டுறாங்க. டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன்) ரிப்போர்ட் அவங்க துணிப்பையிலயே தங்கிடும், கீமோ ஃபைலுக்குப் போகாது. அதனால மூணு வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுங்க. "கால் வீக்கம் இருக்கா?"ன்னு கேட்டா "சத்து கொறவு"ன்னு சொல்லி முடிச்சிடுவாங்க. "ஒரு கால்ல மட்டும் செருப்பு இறுகுதா?"ன்னு கேளுங்க, பதில் வரும். நேர்ல வந்தா முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு முடிச்சுல இருந்து 10 செ.மீ. இறக்கி ரெண்டு கெண்டைக்காலையும் சுத்தி அளங்க. 3 செ.மீ.க்கு மேல வித்தியாசம்னா அன்னைக்கே டாப்ளர். பிக் லைன் (மருந்து ஏத்த கை நரம்பு வழியா விடுற நீளக் குழாய்) போட்ட கையையும் பாருங்க. டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்துல கூடுற பொருள்) மட்டும் கூடியிருக்குன்னு ரத்தக்கட்டின்னு எழுதிடாதீங்க, புற்றே அதை ஏத்தும்.

குழித்துறை, மருந்தாளுநர்:
ரத்தக்கட்டி வந்தபின் நடப்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்சபான் மாத்திரை 10 மி.கி. இருவேளை 7 நாள், பிறகு 5 மி.கி. இருவேளை. இது அதே வேலைக்கான டால்டெபாரின் ஊசிக்குச் சளைத்ததில்லை என்று 2020-இல் காரவாஜியோ ஆய்வு காட்டியது. ஆறு மாத சிகிச்சை முடிந்தவர்களுக்கு 2.5 மி.கி. இருவேளையே போதும் என்கிறது 2025-இல் வந்த ஏ.பி.ஐ.-கேட் (API-CAT) ஆய்வு. ஆனால் பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போனால் எவ்வளவு கொடுப்பது என்பதற்கு உறுதியான ஆதாரம் குறைவு. அப்படிச் சரிந்த தேதி, டோஸைப் பாதியாக்கினார்களா நிறுத்தினார்களா, எத்தனை நாளில் திரும்பத் தொடங்கினார்கள், இடையில் ரத்தக்கசிவா புது ரத்தக்கட்டியா: இந்த நாலு கட்டத்தையும் படிவத்தில் இப்போதே போட்டுவிடுங்கள். பிறகு பழைய சீட்டைத் தேடி எடுக்க முடியாது.