97 ஜிப்ஸிக்கு எம்பிஎஃப்ஐ இன்ஜின் ஏத்தலாமா?

வடவாறு ஜிப்ஸி, மன்னார்குடி:
அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பா வச்சிருந்த 97-ஆம் வருஷத்து மாருதி ஜிப்ஸி கிங் ஜீப், கார்புரேட்டர்ல பெட்ரோலும் காத்தும் கலந்து போற பழைய மாதிரி வண்டி, 60 குதிரைசக்தி. போன வாரம் எட்டு மூட்டை விதைநெல்லோட வாய்க்கால் கரை ஏறுறப்ப பாதியில அமந்துபோச்சு. விக்க மனசு வரல. 2000-க்கு அப்புறம் வந்த எம்பிஎஃப்ஐ ஜிப்ஸி, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் இன்ஜெக்டர் வழியா பெட்ரோலைப் பீய்ச்சுற மாடல், 80 குதிரைசக்தி, மோதின வண்டி ஒண்ணோட இன்ஜின் விலைக்கு வருது. அமெரிக்காவுல செவ்ரோலே புது இன்ஜினையே பெட்டியில அடைச்சு விக்குதாம், நமக்கு அது எட்டாது. இந்த மோதின வண்டி இன்ஜினை வாங்கி மாட்டினா போதுமா?

கும்பகோணம் பட்டறை:
தம்பி, இன்ஜினை மட்டும் வாங்காதீங்க, வண்டியையே முழுசாப் பேசுங்க. ஈசிஎம் (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்), சென்சார், டேங்க், பம்ப் எல்லாம் ஒரே வண்டியோடதா இருக்கணும். வயரிங்கை வெட்டாம கனெக்டரோட கழட்டுங்க. வெட்டி முறுக்கி டேப் சுத்தின வண்டி ஒண்ணுல கோளாறு தேடி மூணு நாள் உக்காந்திருக்கேன்.

உங்க பழைய பம்ப் கால் பார் ப்ரஷர் தர்றதே அதிகம். இன்ஜெக்டருக்கு ரெண்டரை, மூணு பார் வேணும். பழைய ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது, பிச்சுக்கிட்டு சூடான இன்ஜின் மேல பெட்ரோலைப் பீய்ச்சும். இன்ஜெக்ஷன் ஹோஸும் அதுக்குண்டான கிளிப்பும் போடுங்க. இப்ப பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, பழைய ரப்பரை உப்ப வச்சிடும்.

டேங்க் ஏன் கேக்குறேன்னா, கார்புரேட்டர் கிண்ணத்துல எப்பவும் கொஞ்சம் பெட்ரோல் நிக்கும். கரை ஏறுறப்ப டேங்க்ல பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காத்தை இழுத்தாலும் அந்தக் கிண்ணம் சமாளிச்சிடும். இன்ஜெக்ஷன்ல அந்த இருப்பு கிடையாது, உடனே இருமும். அதான் அந்த வண்டியோட டேங்கே வேணும்ங்கிறேன்.

வேதாரண்யம் உப்புக்காத்து:
கரண்ட் திரும்புற எர்த் பட்டையைப் பாருங்க தம்பி. என் வண்டி திடீர் திடீர்னு நிக்கும், சென்சாரா மாத்திப் பாத்தேன். கடைசில இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவுல இருக்கிற பின்னல் பட்டை, நட்டுக்கு அடியில பச்சை பூத்துக் கிடந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு வாசலின் பூசினேன், அதோட சரி.

இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. புது இன்ஜின் நம்பர் ஆர்சியில ஏறலைன்னா அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிறப்ப மாட்டுவீங்க.

வடவாறு ஜிப்ஸி:
நன்றிண்ணே. முழு வண்டியாவே கேட்டுட்டேன், ஆர்சியோட தர்றேன்னாங்க. ஞாயித்துக்கிழமை போய் டேங்கைத் திறந்து பாத்துட்டு படம் போடுறேன்.