காற்றை வெளியேற்றியும் கடைசி இரண்டு ரேடியேட்டர்கள் சூடாகவில்லை

கேள்வி:
வணக்கம். லண்டனில் மாடியுள்ள வரிசை வீடு, ஹீட்டிங், குழாய்ச் சுடுநீர் இரண்டும் தரும் கேஸ் காம்பி பாய்லர், மொத்தம் 8 ரேடியேட்டர் (உள்ளே சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை). பாய்லர் பக்கத்தில் இருப்பவை கை வைக்க முடியாதபடி கொதிக்கின்றன. தூரத்தில் உள்ள இரண்டும் வெதுவெதுப்பைத் தாண்டுவதில்லை. ஹாலில் உள்ளது மேலே சூடு, கீழே நடுப்பகுதி மட்டும் ஜில்லென்று இருக்கிறது. எல்லாவற்றிலும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றியாகிவிட்டது. ஆறியிருக்கும்போது பிரஷர் 1.2 பார். பாய்லர் சூட்டைக் கூட்டினால் சரியாகுமா?

பதில் 1:
கூட்டாதீர்கள், பிரஷரும் சரியாகவே இருக்கிறது. தண்ணீர் சுலபமான வழியில், பக்கத்து ரேடியேட்டர்கள் வழியாகவே ஓடித் திரும்பிவிடுகிறது. அதைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். ரேடியேட்டரின் ஒரு முனையில் உள்ள, அறைச் சூட்டுக்கேற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வுகளை முழுக்கத் திறந்துவிடுங்கள். மறுமுனையில் பிளாஸ்டிக் மூடிக்குள் இருப்பது, தண்ணீர் ஓடும் அளவைக் கூட்டிக் குறைக்கும் லாக்‌ஷீல்ட் வால்வு. ஒவ்வொன்றும் இப்போது எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று முதலில் எழுதி வையுங்கள். பாய்லருக்கு மிக அருகில் உள்ளதை முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறங்கள். தள்ளிப் போகப் போக அதிகம் திறந்து, கடைசி இரண்டையும் முழுக்கத் திறந்து வையுங்கள். பழைய பாய்லர் என்றால் உள்ளே போகும் குழாய்க்கும் வெளியே வரும் குழாய்க்கும் சுமார் 12 டிகிரி வித்தியாசம் போதும். கண்டென்சிங் பாய்லருக்கு (புகையில் வீணாகும் சூட்டையும் மீட்கும் வகை) 20 வரை போகலாம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு கால் மணி நேரம் பொறுங்கள். அவசரப்பட்டால் அளவு தப்பும்.

பதில் 2:
ஹால் ரேடியேட்டர் வேறு கதை. அடியில் கறுப்புத் துருச் சேறு படிந்திருக்கிறது, காற்றை விட்டு அது போகாது. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, இரு வால்வுகளையும் மூடுங்கள் (லாக்‌ஷீல்டின் சுற்றுகளை எண்ணிக்கொண்டு). கீழே தட்டு வைத்து நட்டைத் தளர்த்தி, தண்ணீரை வடித்துக் கழற்றுங்கள். வெளியே ஹோஸ் பைப்பால் இருபுறமும் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். மாட்டியபின் பிரஷரை மறுபடி ஏற்றி, துருத்தடுப்பு மருந்தும் ஊற்றுங்கள். புதுத் தண்ணீர் சேர்ந்ததில் பழையது நீர்த்துப் போயிருக்கும். வடித்த தண்ணீர் மை போலக் கறுப்பாக இருந்தால் முழு அமைப்பையும் சுத்தம் செய்து, பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்த ஃபில்டர் வைப்பதுதான் நல்லது.

கேட்டவர்:
ஹால் சரியாகிவிட்டது, தூரத்தில் உள்ள ஒன்றும் சூடாகிறது. இன்னொன்றில் வால்வு வரை குழாய் சுடுகிறது, ரேடியேட்டர் குளிர்ந்தே இருக்கிறது.

பதில் 3:
தெர்மோஸ்டாட் வால்வின் ஊசி உள்ளே சிக்கியிருக்கிறது. தலைப்பகுதியைக் கழற்றினால் நடுவில் சிறிய ஊசி தெரியும். அழுத்தினால் இறங்கி, விட்டால் தானே மேலே வர வேண்டும். வராவிட்டால் சுத்தியலின் மரப்பிடியால் வால்வின் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டு, அழுத்தி அழுத்தி விடுங்கள். இடுக்கியால் பிடித்து இழுக்கவே கூடாது. கையோடு வந்துவிட்டால் கொதிநீர் பீய்ச்சியடிக்கும். அப்படியும் அசையாவிட்டால் வால்வையே மாற்ற வேண்டும். இனிக் கோடையில் அந்தத் தலைகளைக் கடைசி எண்ணில் திறந்தே வையுங்கள், ஊசி ஒட்டாது.