புரியாத இங்கிலீஷ் தாளில் போட்ட கையெழுத்து செல்லுமா?

நொய்யல்கரை:
எங்கள் தெரு அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 9 வருடம் செக்கிங்கில் இருந்துவிட்டு 2023ல் நின்றார். "பி.எஃப். எடுக்கத்தான்க்கா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று நான்கு பக்க இங்கிலீஷ் தாளை நீட்டியிருக்கிறார்கள். தமிழில் கையெழுத்துப் போட்டார். பிறகு கிராஜுவிட்டி (பணிக்கொடை) கேட்கப் போனால் அதே தாளைக் காட்டி, 'எல்லாப் பாக்கியும் வந்துவிட்டது, இனி எதுவும் கேட்கமாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க' என்கிறார்கள். இது செல்லுமா?

பழைய_எச்ஆர்:
செல்லும். கையெழுத்துப் போட்டவர் விஷயம் தெரிந்துதான் போட்டார் என்றே கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் ஊரில் பாதி லோன் பத்திரம் செல்லாது. ஒப்பந்தச் சட்டம் 19ஆவது பிரிவைப் பாருங்கள். சாதாரணமாக விசாரித்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், பிறகு ரத்து கேட்க முடியாது. வீட்டில் படித்த பிள்ளை இல்லையா?

கறுப்புக்கோட்டு:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். அந்த விலக்கு, தெரியாமல் தவறாகச் சொன்னதற்கும் சொல்லாமல் மறைத்ததற்கும்தான். தெரிந்தே 'பி.எஃப். தாள்' என்று பொய் சொன்னால் அது மோசடி, விலக்கு கிடையாது. ஆனால் மொழி தெரியாது என்பது மட்டும் போதாது. என்ன சொல்லி வாங்கினார்கள் என்பதுதான் கேஸ்.

பழைய_எச்ஆர்:
பொய் சொன்னதற்கு யார் சாட்சி? பக்கத்தில் நின்றவர்கள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். வருவார்களா?

கட்டிங்_மாஸ்டர்:
எங்கள் யூனிட்டில் ஒடிசா பையன்களிடம் தமிழ்த் தாளில் வாங்குகிறோம். நாமும் யோக்கியம் இல்லை.

கறுப்புக்கோட்டு:
கிராஜுவிட்டிக்குச் சாட்சியே வேண்டாம். அவர் நின்றபோது அமலில் இருந்த 1972ஆம் ஆண்டு கிராஜுவிட்டிச் சட்டம், 14ஆவது பிரிவு: எந்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் சட்டம்தான் மேலே. தமிழில் படித்துக் காட்டி வாங்கியிருந்தாலும் அந்த வரி நிற்காது. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்துக் கடைசியாக 13,000 வாங்கினார் என்றால் 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்குங்கள், 7,500. 9 வருடத்துக்கு 67,500 ரூபாய். தொழிலாளர் துறையில் மனுப் போடச் சொல்லுங்கள், தாமதத்துக்குக் காரணமும் எழுதி.

பழைய_எச்ஆர்:
சரி, கிராஜுவிட்டி வரை ஒப்புக்கொள்கிறேன். போனஸ், ஓவர்டைம் பாக்கி கேட்டால் அந்தத் தாள் குறுக்கே நிற்கும். நகல் இருக்கிறதா?

நொய்யல்கரை:
தரவில்லை. கேட்டதற்கு, "உங்களுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, எதுக்குக்கா?" என்றாராம் ஆபீஸ் பையன்.

கறுப்புக்கோட்டு:
அதைச் சொன்னபோது கூட யார் இருந்தார்கள்?